எங்கள் கொல்லைக் கிழங்கைப் பாடமாக்கிய டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். அது விழுப்புரத்தோடு இருந்த காலத்தில் உங்களிடம் பிளஸ் ஒன் படித்தவன் நான். கல்வராயன் மலையில் மரவள்ளி போடும் வீட்டுப் பையன். அன்று சொல்லாமல் விட்ட நன்றியை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

வேர், தண்டு, இலையின் உள்ளமைப்பைப் படம் பார்த்து உருப்போட்டுக்கொண்டிருந்தேன். "உங்க கொல்லையில விளையறதைக் கொண்டா" என்றீர்கள். மறுநாள் என் பையில் ஒரு மரவள்ளிக்கிழங்கு.

நனைத்த பிளேடால் கண்ணாடிபோலச் சீவி, அதில் மெல்லியதைப் பிரஷ்ஷால் எடுத்து, சஃப்ரானின் சாயத்தில் போட்டுக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தீர்கள். அங்கங்கே சிவப்பு வளையங்கள்: நீரேற்றும் சைலக் குழாய்கள். இன்னொரு சீவலில் அயோடின் ஒரு சொட்டு. செல்லுக்குச் செல் கருநீல மாவுமணிகள்!

"நாம தின்னுற சதை முக்காலே மூணுவீசம் சைலம்தான்டா, நடுநரம்பும் அதுதான். ஃபுளோயம் தோலோட உரிஞ்சு போயிடும்" என்றீர்கள். இலை சமைத்த சர்க்கரை அந்தத் தோலோர ஃபுளோயம் வழியாக இறங்கித்தான் உள்ளே மாவாகச் சேர்கிறது. மரவள்ளியின் நஞ்சும் தோலில்தான் கூடுதல் என்றபோது, "தோலை ஆட்டுக்குப் போடாதே" என்று ஆயா அதட்டுவதன் காரணம் விளங்கியது.

அடுத்த வாரம் கச்சிராயபாளையம் ஆலைக்குப் போகும் கரும்பு. அதன் தண்டில் சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த வாஸ்குலக் கற்றைகள் கேழ்வரகை இறைத்தாற்போலச் சிதறிக் கிடந்தன. மென்று துப்பும் சக்கை பெரும்பாலும் அந்தக் கற்றைகளின் நார். இனிப்போ இடையிலுள்ள மென்செல்களில். இலையில் ஒவ்வொரு நரம்பையும் பச்சைச் செல்கள் மாலைபோலச் சூழ்ந்திருந்தன. கரியமில வாயுவை அங்கே குவித்துத்தான் கரும்பு கொளுத்தும் வெயிலிலும் சர்க்கரை செய்கிறது. 1960-களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த வழியைக் கண்டுபிடித்ததும் கரும்பிலையை வைத்தே என்றீர்கள்.

படிப்பு என்பது மலைக்குக் கீழே இருப்பது என்று நினைத்திருந்தவன் நான். எங்கள் மண்ணில் புதைந்திருந்ததும் அதுதான் என்று காட்டினீர்கள். இன்று என் மகள் கிழங்கை உரிக்கையில் நடுநரம்பைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை உற்றுப் பார்க்கிறாள்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களே, பிள்ளைகளின் கொல்லையிலிருந்து ஒரு வேரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் மலை மாணவன்