தேக்குச் சட்டம்

திருமயம் பக்கத்தில் ஒரு நகரத்தார் ஊர். பழைய வீட்டுச் சாமான்களுக்கு விலை பேசப் போன நண்பருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். பேச்சில் எனக்கு இடமில்லை. முகப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பருக்குப் பழம்பொருள் வியாபாரம். தூணை விரல் முட்டியால் மேலும் கீழும் தட்டிப் பார்க்கிறார். பர்மா தேக்கு, ஒரே மரம். கட்டிப்பிடித்தால் இரண்டு கை விரல்களும் தொட்டுக்கொள்ளாது. உட்கார்ந்தவர் முதுகு படும் உயரத்தில் மட்டும் கண்ணாடிபோல மின்னுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்து சாய்ந்து ஏறிய மினுக்கு.

வீட்டுக்காரருக்கு எண்பது நடக்கும். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. தூண், நிலை, கதவு, ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றுக்கும் "சரி" என்று தலையாட்டிக்கொண்டே வருகிறார். பட்டாலைச் சுவரில் இலக்குமிக்கும் முருகனுக்கும் நடுவே ராணுவ உடையில் நேதாஜி. காகிதம் பழுத்து, ஓரத்தைச் செல் அரித்திருக்கிறது. நண்பரின் கண் படத்தின்மேல் இல்லை, அதைச் சுற்றியுள்ள சட்டத்தின்மேல்.

"படம் வேணாங்கய்யா. சட்டத்த மட்டும் கழட்டிக் குடுங்க, நல்ல விலை தர்றேன்."

பெரியவர் முதல்முறையாகத் தலையாட்டவில்லை. "அது இருக்கட்டும் தம்பி. அப்பச்சி மாட்டுனது."

அப்பச்சி ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனவர். இந்தப் பக்கத்து வீடுகளில் முக்கால்வாசியின் கதை அதுதான். கிட்டங்கி, பெட்டியடி, வட்டிக்கடை. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன்கள் முறிய, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது. லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் திரும்பினார்கள். விடுதலைக்குப் பிறகு நிலத்தைப் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. 1964இல் கடைகளும் போயின. இந்த மண்ணில் பர்மா என்றால் பறிகொடுத்த கதை.

அதே ரங்கூனில் ஒருவர் பறிகொடுக்கவில்லை, தானே கொடுத்தார். அப்துல் ஹபீப் யூசுப் மர்ஃபானி. குஜராத்தின் தோராஜியைச் சேர்ந்த மேமன் வணிகர். 1944 ஜூலையில், இந்திய தேசியப் படைக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்த நேதாஜியின் முன்னால் போய் நின்றார். ரொக்கம், நகை, சொத்து எல்லாமாக 1 கோடியே 3 லட்ச ரூபாய். கொடுத்துவிட்டு, படையில் உடுத்தும் ஒரு காக்கி உடுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். நேதாஜியின் ஆசாத் இந்து அரசு 'சேவக்-ஏ-ஹிந்த்' பதக்கத்தை முதன்முதலாக அவருக்குத்தான் சூட்டியது.

அந்த மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். இம்பால் முற்றுகை குலைந்து, அடைமழையில், மலேரியாவோடும் பட்டினியோடும் நேதாஜியின் படை பின்வாங்கத் தொடங்கிய மாதம் அது. ஏறுகிற சரக்கில் பணம் போடுவது வியாபாரியின் பழக்கம். இவர் இறங்குகிற நேரத்தில் முதலை முழுசாகப் போட்டார். எந்தப் பேரேட்டிலும் எந்த ஐந்தொகையிலும் அதற்கு வரவுப் பத்தி கிடையாது. உயிர் கொடுத்தவர்களை நாம் பாடிவிடுகிறோம். ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெறுங்கையோடு எழுந்து நடமாடியவரை மறந்துவிடுகிறோம். எனக்கு அது உயிர் கொடுத்ததற்குக் குறைவாகத் தெரியவில்லை.

நம்மவர்களும் கொடுத்தார்கள். நேதாஜி செல்வர்களிடம் கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே கேட்டார். செட்டியார்கள் கொடுத்தார்கள். மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். யார், எவ்வளவு என்பதில் பெரும்பகுதி எழுதப்படாமலே போயிற்று.

நண்பர் விடவில்லை. விலையை இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தார். பெரியவர் எழுந்து, தோள் துண்டால் படத்தின் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு, திரும்பவும் வந்து உட்கார்ந்தார். தூணில் சாயவில்லை. அது இனி அவருடையதில்லை என்பதாலோ என்னவோ.

அப்படிக் கொடுத்த நகைகளில் ஒரு பகுதி நேதாஜியோடு விமானத்தில் போனது. 1945 ஆகஸ்டு 18 விமான விபத்துக்குப் பிறகு கருகிக் கிடந்த அந்த நகைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். டோக்கியோவில் இருந்துவிட்டு 1952இல் அவை டில்லிக்கு வந்தன. சுமார் 11 கிலோ. தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உருகி ஒட்டிப்போன அந்தக் கட்டிகளில் எது யார் வீட்டு வளையல், எது யாருடைய கம்மல் என்று இனிப் பிரிக்க முடியாது.

ஆனால் நம் வீட்டுப் பெட்டகங்களைப் பிரிக்கலாம். புதுக்கோட்டைச் சீமையில் இன்னும் இடிபடாத வீடு வைத்திருப்பவர்களே, படங்களை இறக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய ஏடுகளுக்கு நடுவே, அன்று நன்கொடை வாங்கிய இந்திய சுதந்திரச் சங்கத்தின் ரசீது ஒன்று கிடைத்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.