தவாக் கரையில் ஓர் இரவு

சென்ற மே மாதம் இடார்சியினின்று புறப்பட்டு, தவா நீர்த்தேக்கத்தின் கரையில் கூடாரமிட்டுத் தங்கினோம். நீரிழிவுள்ள எங்கள் அன்னையாரின் இன்சுலினுக்காகக் காரின் பாட்டரியில் இயங்கும் சிறு குளிர்பெட்டியையும் உடன் கொண்டு சென்றோம். திறவாத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருத்தல் வேண்டுமன்றோ?

அப்பெட்டியில் பாட்டரிக் காப்புக்கென மூன்று நிலைகள் உண்டு. ‘குறைவு’ என்பதைக் கண்டதும், மின்சாரம் குறைவாகச் செலவாகும் போலும் என்றெண்ணி அதனையே வைத்தோம். பாட்டரி வெகுவாகத் தளர்ந்த பின்னரே பெட்டி நிற்கும் என்பதாம் அதன் பொருள்! நாள்தோறும் சரக்குக் கணக்கெழுதும் எங்களுக்கு இக்கணக்குத் தவறிற்று. 45 வாட் பெட்டி 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரமே ஓடினும் 9 மணியில் 18 ஆம்பியர்-மணி. எங்கள் பழைய பாட்டரியோ மொத்தமே 35.

விடியலில் பெட்டி நின்றிருந்தது. சாவியைத் திருகினால் ‘டிக்’ என்ற ஓசையன்றி வேறில்லை.

“பெட்டியை யாரும் திறக்காதீர்கள்” என்று அன்னையார் அதன்மேல் கம்பளியைப் போர்த்தினார். அவர் முகத்தை நோக்க எங்களுக்குத் துணிவில்லை.

எட்டு மணியளவில் உழவர் ஒருவரின் டிராக்டர் வந்தது. நல்வினைப் பயன், அதுவும் 12 வோல்ட். லாரியாயின் பெரும்பாலும் 24, இணைத்தல் ஆகாது. கம்பி பூட்டியதும் எஞ்சின் உயிர்பெற்றது. பெட்டியினுள் 7 டிகிரி.

இப்போது காப்பு நிலை ‘மிகுதி’யில் உள்ளது, இரவுக்குத் தனிப் பாட்டரியும் வாங்கிவிட்டோம். அன்னையாரோ கம்பளியை மறவாது எடுத்து வருகிறார்.