பெரியப்பாவின் ஏழுக்கு ஐம்பது

அண்ணா சாலையில் குளிரூட்டிய கடை ஒன்றில், கண்ணாடி மேசைமேல் மூன்று பைனாகுலர்களை வரிசையாக வைத்துவிட்டு விற்பனைப் பையன் தன் போனுக்குள் போய்விட்டான், முதலாவதை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது புது ரப்பரின் வாசனை, செருப்புக்கடைக்குள் நுழைந்ததும் வருமே, அதே வாசனை. பைனாகுலருக்கு இந்த வாசனை கிடையாதே என்று மனசு உடனே மறுத்தது. பதப்படுத்திய தோல், பழைய தேக்கு, மூக்குப்பொடி, ஓயாமல் எரிகிற பல்பின் சூட்டில் காய்ந்த தூசி, இந்த நாலும் கலந்து வந்தால்தான் பைனாகுலர், நாகப்பட்டினத்தில் பெரியப்பா வீட்டு அலமாரியைத் திறந்து வளர்ந்தவர்களுக்காவது அப்படித்தான்.

பெரியப்பா கலங்கரை விளக்கங்களில் வேலை பார்த்தவர். கோடியக்கரையில் 1902இல் எழுப்பிய விளக்கத்தில்தான் அதிக காலம் இருந்தார், சோழர் காலத்தது என்று ஊரில் சொல்லும் இன்னொரு பழைய விளக்கத்தின் எச்சம் அப்போது கடலோரத்தில் நின்றுகொண்டிருந்தது, 2004இல் ஆழிப்பேரலை வந்து அதையும் சாய்த்துவிட்டது. அங்கே வலசை வரும் பூநாரைகளைப் பற்றிக் கேட்டால், "அதுவா, செவப்பா நிக்கும், போயிடும்" என்பார், அவ்வளவுதான், கப்பல்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு இரவுச் சாப்பாடு வரை நீளும். ஓய்வு பெற்று வந்தபோது அவர் கொண்டுவந்த ஒரே ஆடம்பரப் பொருள் ஜப்பானில் செய்த 7×50 பைனாகுலர், அதாவது ஏழு மடங்கு, முன்பக்க லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர், கப்பல் அதிகாரி ஒருவரிடம் விலைக்கு வாங்கியது, தோல் உறையின் மூடி காது அறுந்து, சணல் நூலால் தைத்திருக்கும்.

அதை வைப்பதற்கென்றே அலமாரியில் ஒரு தட்டு, அந்தத் தட்டின் மூலையில் பதினைந்து வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும், கரண்டுக் கணக்குப் பார்த்துப் பெரியம்மா மாதாமாதம் முணுமுணுப்பாள். கடலோரத்து ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பிடித்துவிட்டால் கண்ணாடியையே அரித்துத் தின்னும், அந்தச் சின்னச் சூடுதான் அதற்கு மருந்து என்பது பெரியப்பாவின் கணக்கு. தொடுவதற்கு முன்னால் பொடி படிந்த விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, தோளில் கிடக்கும் துண்டில் துடைத்து, காற்றில் ஒருமுறை உதறிக்கொள்வார். லென்சை வேட்டி நுனியால் துடைக்க யாராவது போனால் கோபம் வரும், மணல் தூள் ஒன்று இருந்தாலும் கோடு விழுந்துவிடுமாம், காதுக்கு மருந்து விடுகிற ரப்பர் பந்தால் முதலில் காற்றை அடிப்பார், அதற்கப்புறம்தான் துணி, அதுவும் துவைத்துத் துவைத்து நைந்துபோன மல்துணி.

மொட்டைமாடியில் அகலக் கைவைத்த சாய்வு நாற்காலி கிடக்கும், வெயில் இறங்கிய பிறகும் தளம் சுடும், கீழே அடுப்படியிலிருந்து கருவாடு பொரிகிற வாசனை ஏறிவரும். "நின்னுகிட்டு வானத்தப் பாக்குறவன் நட்சத்திரத்தப் பாக்க மாட்டான், தன் கை நடுங்குறதத்தான் பாப்பான்" என்று சொல்லி, சாயவைத்து, இரண்டு முழங்கையையும் நாற்காலியின் கைகளில் ஊன்றச் செய்வார். இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பு, பிறகு இடதை மூடிக்கொண்டு வலது கண்குழாயில் இருக்கும் வளையத்தைத் திருப்பு, அந்த வளையம் உன்னுடையது, இனி அதைத் தொடாதே. மார்கழி இரவில் உச்சிக்கு வந்த கார்த்திகையை அப்படித்தான் முதலில் பார்த்தேன், வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தது பத்து இருபதாகப் பெருகி, நீலம் பாய்ந்து, குழாயின் வட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தது, கலிலியோ 1610இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தில் முப்பத்தாறு நட்சத்திரங்களை வரைந்திருக்கிறார் என்று பின்னால் படித்தபோது அந்த மாடிதான் ஞாபகத்துக்கு வந்தது. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரையும் அருந்ததியையும் காட்டுவார், கல்யாண மண்டபத்தில் பட்டப்பகலில் கூரையைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொல்கிற புரோகிதர்களைப் பற்றி அவரிடம் தனியாக ஒரு கதை உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது தெருவே எங்கள் மாடிக்கு வந்தது. பங்குனித் தொடக்கத்து விடியற்காலை, நாலரை மணி, பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, குழந்தைகள் தூக்கத்தில் தள்ளாடிக்கொண்டு, ரேஷன் கடைபோல் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் காலண்டர் படத்தில் போட்டிருப்பதுபோல் அரை வானத்துக்கு வால் விரியும் என்று வந்தவர்கள், தென்கிழக்கில் கடலுக்கு மேலே வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மங்கல், அவ்வளவுதான், பைனாகுலரை வைத்தால்தான் அந்த மங்கலுக்கு ஒரு தலையும் மேல்நோக்கிப் போகிற ஒரு புகையும் கிடைத்தன. "இதுக்கா எழுப்புனே" என்று ஒரு பாட்டி கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் நானும் பெரியப்பாவும்தான் மிச்சம், நான் குழாயை அவரிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை, "நீயே பாருடா, இது தர்ற வெளிச்சத்துல பாதி என் கண்ணுக்கு வெளியே வழிஞ்சிடும்" என்றார். வயசானவர்கள் பலகாரத்தைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு எனக்குப் பசியில்லை என்பார்களே, அந்த வகை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வால்நட்சத்திரம் மறுபடி 2061இல்தான் வரும்.

அதற்குச் சில வருஷம் கழித்துக் கண்புரை அறுவை சிகிச்சைக்காகப் பெரியப்பா சென்னைக்கு வந்தார், எனக்கு அப்போது வேலை கிடைத்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகு கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தவர், "நீலம் இவ்ளோ நீலமாடா, இத்தனை நாளா எவனோ பழுப்புத்தாள ஒட்டி வச்சிருந்தான்" என்று ரெண்டு நாள் வியந்துவிட்டு, எனக்கு ஒரு பைனாகுலர் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். பாரிமுனைப் பக்கம், வெளிநாட்டுச் சாமான் விற்கிற வரிசைக் கடைகள், பேட்டரியும் சென்ட்டும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு நெடி, துறைமுகத்துக் காற்றில் டீசல். ஒரு கடைக்காரர் லென்ஸ் செக்கச்செவேலென்று மின்னுகிற ஒன்றை எடுத்து, முப்பது மடங்கு சார், மெரினாவில் உட்கார்ந்தால் கப்பலில் எழுதியிருப்பதைப் படிக்கலாம் என்றார். "கப்பல்ல எழுதியிருக்கறதப் படிச்சுத்தான் தம்பி நான் சம்பளம் வாங்குனேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா அதைத் தொடக்கூட இல்லை, சிவப்பு வெளிச்சத்தை வெளியே துரத்துகிற பூச்சு அது, உள்ளே போவது பச்சை பூத்த மிச்சம் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகப் பிரதிபலிக்கிற லென்ஸ்தான் நல்ல பூச்சு. முப்பது மடங்கைக் கையில் பிடிக்கவும் முடியாது, பத்துக்கு மேல் போனால் நாடித் துடிப்பே படத்தை ஆட்டும். மடங்கைக் கூட்டிக் குறைக்கிற ஜூம் வகை வேண்டவே வேண்டாம், பார்க்கிற வட்டம் சுருங்கி, வெளிச்சமும் போய்விடும்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கையை நீட்டி, வெளிச்சமான வானத்துக்கு எதிரே பிடித்து, கண் வைக்கிற பக்கத்தில் மிதக்கிற சின்ன வெளிச்சப் பொட்டைப் பார்த்தார், அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே நல்ல ப்ரிசம், ஓரங்கள் வெட்டிச் சதுரம்போல் மங்கினால் மலிவு. அப்புறம் வாசலுக்கு வந்து உயர் நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தைப் பார்த்தார், அந்தக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது, மெரினாவில் புதியதைக் கட்டியதும்தான் இதன் வேலை முடிந்தது, அதைப் பார்க்கிறபோது அவர் முகத்தில் பழைய ஆபீசுக்குள் எட்டிப் பார்க்கிறவரின் பாவனை இருந்தது. கோபுரம் ஒன்றாகத் தெரிகிறதா இரண்டாக விலகுகிறதா, அதன் விளிம்பில் ஊதா ஓரம் கட்டுகிறதா, கண் வலிக்கிறதா. கடைசியில் ரஷ்யாவில் செய்த 8×30 ஒன்று தேறியது, கொஞ்சம் மஞ்சள் பூத்துத் தெரியும், எடை மட்டும் நம் ஊர் அம்மிக் குழவிக்குக் குறையாது.

அதைத் தூக்கிக்கொண்டுதான் வேடந்தாங்கலுக்குப் போனேன், ஒருமுறை போய் அதுவே வழக்கமானது. தை மாத விடியலில் ஏரிக்கரைமேல் நடந்தால் பறவைகளுக்கு முன்னால் எச்சத்தின் காரநெடி வந்து சேரும், அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால்தான் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள், சுடக் கூடாதென்று 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்களாம். அங்கே ஒரு ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார் மடித்த பழைய கம்பளியைக் கரைமேல் போட்டு உட்கார்ந்திருப்பார், பிளாஸ்கில் சுக்குக் காப்பி, யாரிடமும் தானாகப் பேச மாட்டார். நான் தலையைக் குனிந்து பைனாகுலரைக் கண்ணில் பொருத்திவிட்டுப் பிறகு பறவையைத் தேடுவதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் வாய் திறந்தார், "பறவையிலேர்ந்து கண்ண எடுக்காதீங்க, குழாயக் கண்ணுக்குக் கொண்டாங்க." அன்றிலிருந்து நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இருக்கும் சந்து வரை தெரிய ஆரம்பித்தது. பறவைக்கு எட்டு மடங்கே போதும், வட்டம் அகலமாக இருந்தால்தான் பறக்கிறதைப் பிடிக்க முடியும் என்பதும் அவர் சொன்னதுதான். அவர் இப்போது இல்லை, அந்த ரஷ்யக் கருவியும் ஒருமுறை விழுந்து உள்ளே ப்ரிசம் நகர்ந்து எல்லாவற்றையும் இரண்டாகக் காட்ட ஆரம்பித்துப் பரணுக்குப் போனது. பெரியப்பாவின் 7×50 கதை இன்னும் எளிது, அவர் காரியம் முடிந்த வாரம் யாரோ அலமாரியின் பல்பை அணைத்தார்கள், அடுத்த ஐப்பசிக்குப் பிறகு திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை நரம்பு ஓடியிருந்தது.

"சார், எது பேக் பண்ணட்டும்?" பையன் வந்துவிட்டான். மூன்றில் ஒன்று 7×50, ஒன்று 10×50, ஒன்று 8×42. கை தானாக 7×50க்குப் போனது, அதே அகன்ற தோள், அதே கனம். கொஞ்சம் வாசலில் வைத்துப் பார்க்கிறேனே என்றேன், கடைக்கு வெளியே கொண்டுபோக அனுமதியில்லை என்றான், ஜன்னல் கண்ணாடி வழியே எதிர்க்கட்டிடத்து ஏசி பெட்டிகளைத்தான் பார்க்க முடிந்தது, கோபுரம் எதுவும் இல்லை. கையை நீட்டி விளக்குக்கு எதிரே பிடித்து வெளிச்சப் பொட்டைப் பார்த்தேன், பெரிய, முழுமையான வட்டம், ஐம்பதை ஏழால் வகுத்தால் வருகிற ஏழு மில்லிமீட்டர் அகலம். அப்போதுதான் மாடியில் பெரியப்பாவிடம் கேட்ட அந்த வார்த்தை வந்து பொருந்தியது. இருட்டில் இளவயதுக் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், அறுபதை நெருங்கினால் ஐந்தைத் தாண்டுவதே கஷ்டம், ஏழு அகலத்தில் வருகிற வெளிச்சத்தை ஐந்து அகல வாசலில் விட்டால் உள்ளே போவது பாதி, மீதிப் பாதி வாசலுக்கு வெளியே. அவர் பெருந்தன்மை எதுவும் காட்டவில்லை, கணக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கும் இப்போது அந்த வயசு வந்துவிட்டது.

7×50ஐத் திருப்பி வைத்துவிட்டு 8×42ஐ எடுத்துக்கொண்டேன், நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தேகால், என் கண்ணுக்கு அதுவே நிறைவு. வீட்டில் அலமாரித் தட்டுக்குப் பதினைந்து வாட் பல்பு தேடினேன், பழைய இழைபல்பு எந்தக் கடையிலும் இல்லை, எல்இடிதான் இருக்கிறது, அது அந்த அளவு சூடு தராது, ஆகவே காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு வாசனையும் கிடையாது. எங்கள் குடியிருப்பு மாடியிலிருந்து தெரிகிற வானம் பாதி விளம்பரப் பலகையின் வெளிச்சம், ஓரியன் தெரிகிறது, வியாழனும் அதன் பக்கத்தில் ஊசிமுனையாய் நிலாக்களும் தெரிகின்றன, கார்த்திகை சுமாராக. தெற்கே சித்திரை மாதத்தில் நாகப்பட்டினத்து மாடியில் பஞ்சுப்பொட்டாகத் தெரிந்த ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தை இங்கே தேடிப் பயனில்லை, அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தவர்கள் இருட்டுக்காகத்தான் அங்கே போனார்கள்.

பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். வானம் மட்டும் போதும் என்றால் 10×50, பறவையும் வேண்டும் என்றால் 8×42, வீட்டில் இளம்பிள்ளைகள் இருந்து, கும்மிருட்டு கிடைக்கிற கிராமத்தில் வசித்தால் மட்டும் 7×50. இந்த விலையில் நேர்குழாய் வகையைவிடத் தோள் அகன்ற பழைய வடிவமே தெளிவாகக் காட்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஐ ரிலீஃப் என்று பெட்டியில் எழுதியிருக்கும் எண் பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சனியின் வளையத்தை இவற்றில் எதுவும் காட்டாது, காட்டும் என்று சொல்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காமல் அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள், பள்ளங்களின் நிழல் அப்போதுதான் விழும். பகலில் பிள்ளைகள் கையில் தராதீர்கள், ஒரு கணம் அதை வைத்துச் சூரியனைப் பார்த்தால் போன பார்வை திரும்பாது. கையில் மிச்சம் இருக்கிற பணத்துக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போடுங்கள், கை அகலமானதாக.