வாசல் இரண்டு, வைத்தியம் ஒன்று

மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கட்டணம் கொடுப்பவர்களுக்கு ஒரு கட்டடம், இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ பார்த்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு கட்டடம். எதற்குள் போவது என்று வருகிறவரே முடிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்றிதழ் கொண்டு வா, ரேஷன் கார்டைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நிறுவனம் ஜனங்களை இந்த அளவுக்கு நம்பியும் நஷ்டப்படாமல் நடக்கிறதே, எப்படி என்று பார்க்கத்தான் வந்திருந்தேன்.

கட்டணப் பிரிவில் தனி அறை, ஏ.சி. எல்லாம் உண்டு. இலவசப் பிரிவில் பெரிய கூடம், வரிசையாகப் பாய்கள். இந்த வித்தியாசத்தை யாரும் மறைப்பதில்லை. காசு கொடுப்பவர் வசதிக்குத்தான் கொடுக்கிறார். ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இரண்டு பக்கத்துக்கும் முறை வைத்து வருகிறார்கள்.

அனுமதி வாங்கி, அங்கி மாட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள், நடுவில் சுழல் நாற்காலியில் டாக்டர். முதல் மேசையில் புரையை எடுத்து லென்ஸை வைத்து முடிக்கும்போதே, இரண்டாவது மேசையில் அடுத்தவரின் கண் சுத்தம் செய்யப்பட்டு, துணி போர்த்தித் தயாராக இருக்கிறது. டாக்டர் நாற்காலியைத் திருப்புகிறார், மைக்ராஸ்கோப்பும் கூடவே திரும்புகிறது. கருவித் தட்டைப் பார்க்காமலே கையை நீட்டுகிறார். வேண்டியது கைக்கு வந்துவிடுகிறது. எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர்களுக்கு இங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி. கண் பரிசோதனை, சொட்டு மருந்து, நோயாளியைத் தயார் செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்கிறார். இங்கே ஒரு டாக்டர் வருஷத்துக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்வது இதனால்தான்.

தொண்டு என்றால் மனசு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களை இந்த அறையில் ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். இங்கே மனசு நிமிஷக் கணக்காக மாறியிருக்கிறது. வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவர் பார்வையில்லாமல் காத்திருக்கும் நேரம்.

ஆரம்பித்த கதை பலருக்குத் தெரியும். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. அந்தக் கையாலேயே கண் அறுவை சிகிச்சையைப் பழகினார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் அவர்களைக் கட்டியவர்களுமாகக் குடும்பமே கூட இறங்கியது. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம் இருப்பதைப் பார்த்து, கண் வைத்தியத்தை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டவர் அவர்.

ஆரம்பத்தில் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு, தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு, கூட ஒரு ஆள், போகிற கூலி. இதெல்லாம் சேர்ந்தால் ஏழைக்கு இலவசமும் செலவுதான். அதனால் கிராமத்தில் கேம்ப் போட்டு, வண்டியிலேயே அழைத்து வந்து, சோறு போட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்றாக்கினார்கள். லென்ஸ் விலையும் குறுக்கே நின்றது. 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாக ஒரு தயாரிப்புக்கூடம் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். இறக்குமதி லென்ஸின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குக் கொடுக்க முடிந்தது. லாபத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டு செலவுக்கும் துணிந்திருக்க மாட்டார்கள். நோக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். சுவரில் எழுதி மாட்டும் வாசகத்தை அல்ல.

கூடத்தில், முந்தின நாள் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டியின் கண்ணைத் துடைத்துவிட்டு சிஸ்டர் கையைக் காட்டினார்.

"பாட்டி, இது எத்தனை விரலு?"

"மூணு. உன் நெத்திப் பொட்டே தெரியுது தாயி."

"சரி, கண்ணக் கசக்கக் கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது."

பாட்டி அதைக் காதில் வாங்கினாரா தெரியாது. எதிர் வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறையை மற்ற மருத்துவமனைகளுக்கும் ஒளிவில்லாமல் கற்றுக்கொடுக்கிறார்கள். தொழில் ரகசியம் என்று பொத்தி வைக்காததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

ஆனால் இந்த முறை எல்லாக் கண் நோய்க்கும் போதாது. புரையை ஒரு தடவை எடுத்தால் வேலை முடிந்தது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது அப்படியல்ல. ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், அதுவும் நோயாளிக்கு எந்தக் குறையும் தெரியாதபோதே. கேம்ப் வண்டி இதற்குப் போதாது. அதனால் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, அங்கே எடுக்கும் விழித்திரைப் படத்தைத் தொலைவில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். நன்றாகப் பார்வை தெரிகிற ஒரு விவசாயியை ஒவ்வொரு வருஷமும் அங்கே வர வைப்பதுதான் இப்போது அவர்கள் முன் இருக்கும் வேலை.