பச்சை மீனும் புளிச்ச சோறும்

சான் ஹோசே என்ற கலிபோர்னியா ஊரை நம் கம்ப்யூட்டர் பையன்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாம்பலத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி போய் வந்துகொண்டிருக்கிறார்கள். அதே ஊரில் ஜாக்ஸன் தெருவைச் சுற்றி ஒரு ஜப்பானியப் பேட்டை இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இந்த மாதிரி ஜப்பான் டவுன்கள் இப்போது மூன்றுதான் பாக்கி. சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸில் ஒவ்வொன்று, அப்புறம் இது. யுத்தத்துக்கு முன்னால் கலிபோர்னியாவில் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தன. மற்றவை எங்கே போயின என்பதைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறேன்.

அழைத்துப் போனவன் என் காலேஜ் சிநேகிதன். சுத்த சைவம். "நீ சாப்பிடுடா, நான் வேடிக்கை பார்க்கறேன்" என்ற ஒப்பந்தத்தின் பேரில் வந்தான். சின்னக் கடை. முன்பாதி மளிகை, பின்பாதியில் எட்டு ஸ்டூல் போட்ட சுஷி பார். 'பார்' என்றதும் யாரும் கண்ணை அகல விரிக்க வேண்டாம். நம் அண்ணாச்சி கடைக்குப் பின்பக்கம் நாலு பெஞ்ச் போட்டு இட்லி போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

பிரிட்ஜில் முதல் ஆச்சரியம், கோலி சோடா! அதே இடுங்கிய கழுத்து, அதே குண்டு. பெயர்தான் 'ராமுனே'. லெமனேட் என்ற வார்த்தை ஜப்பானிய வாயில் புகுந்து அப்படி வெளியே வந்திருக்கிறது. ஹிராம் காட் என்ற இங்கிலீஷ்காரர் 1870-களில் பேடண்ட் வாங்கிய பாட்டில் இது. அவர் ஊரில் வழக்கொழிந்து போனதை நாமும் ஜப்பான்காரர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது ஆச்சரியம் மூக்குக்கு. எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். சூரை மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் போட்டு விறகுக்கட்டை மாதிரி ஆக்கி மாசிக் கருவாடு என்போம். தட்டிப் போட்டு ஆச்சி ஒரு சம்பல் அரைப்பாள், அது தனிக் கதை. இங்கே ஒரு மூலையிலிருந்து அதே வாசனை. போய்ப் பார்த்தால் அதே ஜாதி மீன், ஏறக்குறைய அதே பக்குவம். கூடுதலாகப் பூஞ்சணம் வேறு பிடிக்கவிட்டு, இழைப்புளி பதித்த பெட்டியில் தச்சர் மாதிரி சீவுகிறார்கள். கட்ஸுவோபுஷி என்று பெயர். இந்தச் சீவலையும் கொம்பு என்ற கடல்பாசியையும் ஊறவைத்து எடுக்கிற சாறுதான் ஜப்பான் சமையலுக்கு அஸ்திவாரம். ரசத்துக்குப் பருப்புத் தண்ணி மாதிரி.

அங்கேதான் சிநேகிதனுக்கு வந்தது வினை. வறுத்த டோஃபு பைக்குள் சோறு அடைத்த 'இனாரி'யைப் பார்த்து, 'இதில் மீன் இல்லையே' என்று ஆசையாகக் கை நீட்டினான். கல்லாவில் இருந்த பெண் நல்ல மனுஷி. "மீன் துண்டு இல்லை, ஆனால் டோஃபு வெந்தது மீன் சாறில்" என்று சொல்லிவிட்டாள். பயல் வெள்ளரிக்காய் வைத்த சுருளோடு திருப்திப்பட்டுக்கொண்டான்.

நான் ஸ்டூலில் ஏறினேன். எதிரே எழுபது வயசுப் பெரியவர். மீன் பக்கமே அவர் பார்க்கவில்லை. மரத்தொட்டியில் ஆவி பறக்கும் சோற்றைக் கொட்டி, வினிகர், சர்க்கரை, உப்புக் கரைசலை ஊற்றி, தட்டைக் கரண்டியால் வெட்டி வெட்டிக் கிளறினார். சோறு குழையக் கூடாது, பருக்கை மினுங்க வேண்டும். பக்கத்தில் அந்தக் கல்லாப் பெண், அவர் மகள், ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மீனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சோறுதான் கடை" என்றார்.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதானே நினைக்கிறோம்? அந்த வார்த்தைக்கு வேர் புளிப்பு. ஆதியில் உப்புப் போட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாசக்கணக்கில் புளிக்கவிட்டார்கள். மீன் கெடாமலிருக்கச் சோறு. வேலை முடிந்ததும் சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் தின்றார்கள். பிவா ஏரிப் பக்கம் இன்னும் இதைச் செய்கிறார்கள். போகப் போக அவசரம் வந்தது. காத்திருக்காமல் வினிகரை விட்டுப் புளிப்பாக்கினார்கள். 1820-கள் வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடைக்காரர்கள் சோற்றைப் பிடித்து மேலே மீனை வைத்து நீட்ட ஆரம்பித்தார்கள். நின்றுகொண்டே சாப்பிடுகிற கையேந்தி பவன் சமாசாரம் அது. பழைய சோறும் கருவாடும் தின்று வளர்ந்த எனக்கு இதில் அந்நியமாக ஒன்றும் படவில்லை.

ருசி? டியூனா வெண்ணெய் மாதிரி கரைந்தது. புழு பயம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் பச்சையாகப் பரிமாறும் பல ஜாதி மீன்களை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்க விதி இருக்கிறது. கையால் எடுத்துச் சாப்பிடலாம், குற்றமில்லை. சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொட வேண்டும். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் உதிர்ந்து மானம் போகும்.

"இது எந்த ஊர் அரிசி?" என்று கேட்டேன். கீழ்த் தட்டில் இருந்த மூட்டையைக் காட்டினார். கொகுஹோ ரோஸ். இங்கேதான் கதை.

கெய்ஸபுரோ கோடா 1908-ல் கலிபோர்னியா வந்தவர். ஏரோப்ளேனிலிருந்து நெல் விதைத்து 'அரிசி ராஜா' என்று பெயரெடுத்தவர். அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. (நமக்கும்தான். 1922-ல் ஒஸாவா என்ற ஜப்பானியருக்குக் கைவிரித்த சுப்ரீம் கோர்ட், 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்கும் விரித்தது.) பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 19-ல் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள், கையில் தூக்க முடிந்ததோடு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். பேட்டைகள் காலியாயின. கோடா குடும்பம் கொலராடோவில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் நல்ல நிலமும் மெஷின்களும் விற்கப்பட்டிருந்தன. மறுபடி ஆரம்பித்தார்கள். 1963-ல் சந்தைக்கு வந்தது இந்த அரிசி.

"என் அப்பா இருந்தது வையோமிங், ஹார்ட் மௌண்டன்" என்றார் பெரியவர், மீனைச் சீவிக்கொண்டே. "மினெட்டா பையனும் அங்கேதான்."

நார்மன் மினெட்டா. இந்தப் பேட்டையில் வளர்ந்தவர். ரயிலேறும்போது அந்தப் பத்து வயசுப் பையனின் பேஸ்பால் மட்டையை, ஆயுதம் என்று சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பின்னாளில் சான் ஹோசே மேயர், எம்.பி., மத்திய மந்திரி. 1988-ல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தந்த சட்டத்துக்காகப் போராடியவர். 2022-ல் காலமானார். நம் பையன்கள் பெட்டியோடு இறங்குகிற சான் ஹோசே விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? நாப்கினில் கணக்குப் போட்டேன். 46 வருஷம், 5 சதவீதக் கூட்டு வட்டி என்று பின்னோக்கிப் போனால், அந்த 20,000 என்பது 1942-ல் சுமார் 2,120 டாலர். வீடு, கடை, நிலம், மூன்று வருஷ வாழ்க்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து.

கோடா குடும்பம் 2024-ல் விவசாயத்தை நிறுத்திவிட்டது. பெயரை வேறு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். மூட்டை வருகிறது, பேரப்பிள்ளைகள் வயலில் இல்லை. "இங்கே?" என்று கேட்டேன். பெரியவர் மகளைப் பார்த்தார். "அவளுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சனி ஞாயிறு வந்து விசிறுகிறாள்."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. விசிறி மட்டும் கொஞ்சம் வேகமாக ஆடியது.

சிநேகிதன் பில்லோடு ஒரு மூட்டை அரிசியும் சேர்க்கச் சொன்னான். "நீங்கள் சுஷி செய்வீர்களா?" என்று பெரியவர் சந்தோஷப்பட்டார்.

"இல்லை சார், இது நல்லா குழையும். தயிர் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடுவோம்."

"தயிரா? சோற்றிலா?" பச்சை மீனை அரை நூற்றாண்டாக அறுத்த மனிதர், முகத்தைச் சுளித்தார் பாருங்கள்!