இரை தேடிப் பறக்கும் தொலைவு

நம் வீடுகளில் தவக்குல் பற்றிப் பேச்செடுத்தால் பறவைகள் வந்துவிடும். பசியோடு புறப்பட்டு, வயிறு நிறைந்து கூடு திரும்பும் பறவையின் உவமையை எங்கள் மகளுக்கு நாங்களும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்தப் பறவை போய்வரும் தொலைவை மட்டும் நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

அண்டார்க்டிகாவில் ஸ்வார்த்தமாரென் என்றொரு மலை இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே, பனிவெளிக்கு நடுவே நிற்கும் மலை. அதன் பாறைச் சரிவில் அண்டார்க்டிக் பெட்ரல் எனும் கடற்பறவைகள் கோடைதோறும் கூடி முட்டையிடுகின்றன. 1985 முதல் 2020 வரை அங்கே ஆண்டுக்கு 20,000 முதல் 2,00,000 வரை கூடுகள் இருந்தன. கூடு என்பது நம் வாய்ப்பழக்கம். சுள்ளிக்கு அங்கே எங்கே போவது? வெறுங்கல்லின்மேல் ஒரே ஒரு முட்டை. இணையில் ஒன்று அடைகாக்கும். மற்றது கிரிலும் மீனும் தேடிக் கடலுக்குப் போகும். அது திரும்பும்வரை அடைகாப்பதற்கு நாட்கணக்கில் பட்டினிதான். முட்டையையும் குஞ்சையும் தூக்கிச் செல்ல ஸ்குவா பறவைகள் தலைக்குமேல் வட்டமிட்டபடி இருக்கும். அவற்றின் ரிஸ்க்கும் அந்தச் சரிவில்தான். சுப்ஹானல்லாஹ்!

2021 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அம்மலையைக் கடும் பனிப்புயல்கள் தாக்கின. முட்டையிட வேண்டிய இடத்தைப் பனி மூடியது. அந்தப் பருவத்தில் அடைகாத்த பெட்ரல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்குவா கூடு ஒன்றுகூட இல்லை.

இதை நாங்கள் சொல்லக் கேட்ட மகள், “வாப்பா, அந்த வருஷம் அதுங்களுக்கு ரிஸ்க் எழுதலையா?” என்றாள்.

அவள் பறவைகளை மட்டும்தான் கேட்டாள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. சென்ற ஆண்டுதான் எங்கள் துணிக்கடையை மூடினோம். அப்போது வந்தவர்கள் பலரும் தவக்குல் வைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. பிறர் வீட்டுத் துயரில் நாங்களும் அதையே சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டு வந்தவர்கள்தாம்.

அந்தப் பறவைகள் முயலாமல் இருந்துவிடவில்லை என்று அவளிடம் சொன்னோம். புயலில் தம் உடற்சூட்டைக் காக்கவே அவற்றின் வலிமை செலவாகிவிடும். பெட்ரல் நெடுங்காலம் வாழும் பறவை. காலம் கெட்டால் அவ்வாண்டு முட்டையை விட்டுத் தன் உயிரைக் காத்துக்கொள்ளும். அதை வஞ்சனை என்று யாரும் சொல்வதில்லை.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

“அப்ப சாப்பாட்டுக்குத் திரும்பக் கடலுக்குத்தான் போகணுமா?”

“ஆமாம்மா, மலையில இரை ஏது?”

“அவ்வளவு தூரமும் பசியோடவா?”

ஆம் என்றோம். அதற்குள் இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஒளூச் செய்ய எழுந்தோம்.