அப்பாவின் ஹீலியோஸ்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் எவரும் சிரிப்பதில்லை. சிரித்து முடித்துச் சற்று நேரமான முகங்கள் அவை. நாங்கள் (அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்தே எழுதுகிறோம், ஒரே குரலில் பேசுவதை நண்பர்கள் பொறுத்தருள்க) இதனை வெகுகாலம் குடும்பத்தின் சுபாவம் என்றே நம்பியிருந்தோம். காரணம் வேறு என்பது, அப்பா மறைந்து ஆறாண்டுகள் கழித்து, அவருடைய ஜெனித் காமிராவைப் பரணிலிருந்து இறக்கியபோதுதான் விளங்கிற்று.

காமிராவின் துணித்திரை கிழிந்துவிட்டிருந்தது. லென்ஸ் மட்டும் பிழைத்திருந்தது. ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியில் 1930களில் கார்ல் சைஸ் யேனா நிறுவனம் ஆக்கிய பயோட்டாரின் வடிவமைப்பைத் தழுவிச் சோவியத் நாட்டில் செய்யப்பட்டது. பின்னணி இலைகளைச் சுழற்றிக் காட்டும் அதன் வித்தையைப் புகழ்வோர் பலருண்டு. எங்களுக்கு அதில் பெரிய மோகமில்லை.

சென்னையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்தார். பூஞ்சை கக்கிய அமிலம் மேற்பூச்சை அரித்த இடம் ஒன்று மட்டும் போகவில்லை. வெளிச்சத்தை எதிரே வைத்தால் படம் பால்போல் வெளுக்கும்.

எம் 42 என்னும் இந்தத் திருகுவகை லென்ஸ், படத்தளத்திலிருந்து 45.46 மி.மீ. தள்ளி அமரவேண்டியது. எங்களிடம் இருந்த சோனி மிரர்லெஸ் காமிராவில் அவ்விடைவெளி 18 மி.மீ. மட்டுமே. மிச்சத்தை ஓர் உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. வளையத்தில் மின்தொடர்பு ஏதும் கிடையாது; ஆகவே தன்மேல் லென்ஸே இல்லையென்று காமிரா கருதிக்கொள்கிறது. லென்ஸ் இன்றியும் படமெடுக்க அமைப்புப் பட்டியலில் அனுமதி தரவேண்டும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று.

அப்பா போனபின் அம்மா படமெடுக்க இசைந்ததில்லை. கைப்பேசியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த லென்ஸைக் கண்டதும், "அது உங்கப்பாவோடதாச்சே" என்று கேட்டுவிட்டு, ஜன்னலோரம் தானாகவே வந்து அமர்ந்தாள்.

ஹீலியோஸில் துவாரத்திற்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டிய அளவைக் குறித்துவைக்க வேண்டும். மற்றொன்றால் முழுக்கத் திறந்து, வெளிச்சமான காட்சியில் ஃபோகஸ் செய்து, பிறகு குறித்த அளவுக்கு மூடி, அப்புறமே விசையை அழுத்தவேண்டும். இன்றைய மின்திரை வெளிச்சத்தைத் தானே ஏற்றிக் காட்டுமாதலால் இத்தனையும் கட்டாயமில்லை. ஆயினும் திறந்துவைத்துப் பார்த்தால்தான் துல்லியம். ஒரு மீட்டர் தொலைவில் எஃப் 2இல் தெளிவாக விழுவது ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் ஆழம். அம்மா மூச்சு விட்டால் கண் மங்கிக் காதோரம் தெளிந்தது.

திறந்தோம், திருப்பினோம், மூடினோம். அதற்குள் அம்மாவின் புன்னகை வந்து, நின்று, போய்விட்டது. "இன்னும் ஆகலையா?" என்றாள். ஆல்பத்திலுள்ள எல்லாரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அப்பாவின் விரல்கள் வளையத்தில் கழித்த அந்த அரை நிமிடத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக எங்கள் சுபாவம் என்று எண்ணியிருந்தோம் போலும்.

பதினொரு படங்களில் ஒன்பது பழுது. தேறிய இரண்டில் ஒன்றைப் பார்த்து, "ஏன்டா இப்படி முறைக்கறேன்?" என்றாள் அம்மா. பழைய ஆல்பத்தின் அதே முகம். அழிக்கச் சொன்னாள், அழிக்கவில்லை.

காமிரா லென்ஸை அறியாததால் துவாரத்தின் அளவு கோப்பில் பதிவதில்லை. அப்பா ஒவ்வொரு படத்திற்கும் எழுதிவந்த குறிப்பேடு, பாதி காலியாக, காமிராவின் தோலுறைக்குள்ளேயே இருந்தது. அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினோம்: அம்மா, ஜன்னலோரம், காலை, எஃப் 2.8, 1/125.